சருகுமான் புத்தகம்

காட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் புலிக்குப் பயந்து மரம் ஏறியவன் அல்ல. பாம்பு கடித்துப் பிழைத்தவனும் அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் பினாங்கில் ஒரு வன அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக உட்கார்ந்து நாற்காலியைத் தேய்த்தவன். காட்டுக்கு நான் செய்த சேதம் அத்தனையையும் மேசையில் இருந்தபடியேதான் செய்தேன். உங்களில் பாதிப்பேர் கடைசியில் மேசைக்குத்தான் போய்ச் சேரப் போகிறீர்கள் என்பதால், அதைச் சொல்வது உங்களுக்கு உபயோகப்படும்.

ஜப்பான்காரர்கள் வருவதற்கு முன் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சனிக்கிழமைதோறும் வனக் காவலர்கள் மலையிலிருந்து இறங்கி வந்து என் மேசைக்கு முன்னால் நிற்பார்கள். அந்த வாரம் காட்டில் கண்ட மிருகங்களைச் சொல்வார்கள். அவர்களுக்கு எழுதத் தெரியாது. எனக்குக் காடு தெரியாது. என்ன மிருகம், எந்த இடம், எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தது என்று நான்கு கட்டம் போட்டு நான் எழுதுவேன். பெரும்பாலானவர்கள் "கொரங்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். ஒரே ஒருவர்தான் ஒழுங்காகச் சொல்வார்.

அவர் தண்ணீர்மலைக்கு மேலே உள்ள காட்டுக்குக் காவலர். கடலுக்கு அக்கரையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும், எனக்கு இருபத்திரண்டு. பெயர் வேண்டாம். அவருடைய பெண்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் நான் சொல்லக் கூடாது. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைக் கிராணியாரே என்பார்.

அவருக்குப் பிடித்த மிருகம் சருகுமான். மலாய்க்காரர்கள் பெலாண்டுக் என்பார்கள். நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். பூனை அளவு உடம்பு, பென்சில் கனத்தில் கால், கொம்பு கிடையாது. ஆபத்து என்றால் முதலில் ஓடாது, அப்படியே உறைந்து நின்றுவிடும். போகும் வரும் தடத்தையும் எளிதில் மாற்றாது. விடிந்து கொஞ்ச நேரத்தில் ஆண் மான் பின்னங்காலால் தரையைத் தடதடவென்று தட்டும். அந்தப் பக்கம் இன்னொன்று இருந்தால் பதிலுக்குத் தட்டும். அதனால் காய்ந்த சருகின் மேல் இரண்டு குச்சியால் அதே தாளத்தில் தட்டத் தெரிந்த வேட்டைக்காரன், அதைத் தன் காலடிக்கே வரவழைத்துவிடுவான். இத்தனையும் நான் அவர் வாயால் கேட்டது.

"காலையில ஏழு மணி இருக்கும், கிராணியாரே. பனைப் புதருக்குப் பின்னால நின்னுச்சு. நானும் நின்னேன். யாரு முதல்ல அசையிறதுன்னு பந்தயம். கடைசியில நான்தான் தோத்தேன்லா" என்று ஒரு சனிக்கிழமை சொன்னார்.

சிரித்துக்கொண்டே எழுதினேன். எழுதி எழுதி அதற்கென்று தனிப் புத்தகமே போட்டேன். பிறகு ஆசை விடவில்லை. அந்தக் காட்டின் வரைபடம் ஒன்றைப் பிரதி எடுத்து, சருகுமான் கண்ட இடங்களிலெல்லாம் சிவப்பு மையால் புள்ளி வைத்தேன். யாரும் கேட்காத வேலை. என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கியவன் நான். அந்தப் புள்ளிகளை அளவு பிசகாமல் வைத்தேன். ஆனால் அந்த இடங்களில் ஒன்றில்கூட நான் கால் வைத்ததில்லை. அருவிக்கு மேலே ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும்.

சண்டை வந்தது. ஊரில் குண்டு விழுந்தது, வெள்ளைக்கார அதிகாரிகள் ஒரே ராத்திரியில் கப்பல் ஏறிப் போனார்கள். கொஞ்ச நாளில் ஜப்பானியர் அலுவலகத்தைத் திறந்தபோது நாங்கள் எல்லாரும் திரும்பிப் போனோம். வேலையில் இருந்தால் அரிசிச் சீட்டு உண்டு. வயிற்றுக்கு முன்னால் வேறு கேள்வி எழவில்லை.

எங்களுக்கு வந்த அதிகாரி கத்தியை உருவிக்கொண்டு திரிகிற ஆள் அல்ல. மூக்குக்கண்ணாடி போட்டவர், காட்டுப் படிப்புப் படித்தவர், மெதுவாகப் பேசுவார். பாதி ஆங்கிலம், பாதி மலாய். மரக் கணக்கையும் மர வரைபடங்களையும் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பழைய வெள்ளைக்காரத் துரை போன பிறகு என் வேலையை யாரும் பாராட்டவில்லை என்ற குறை எனக்குள் இருந்தது. அதனால் அவர் கேட்காமலேயே இழுப்பறையைத் திறந்து அந்தச் சிவப்புப் புள்ளி வரைபடத்தை எடுத்தேன்.

காவலர் அன்று அரிசிச் சீட்டுக்காக வந்து வாசலில் நின்றிருந்தார். என் கையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அது வேணாம், கிராணியாரே" என்றார்.

"இவரு படிச்ச ஆளுண்ணே. பாத்தா சந்தோஷப்படுவாரு" என்றேன்.

அதிகாரி சந்தோஷப்படத்தான் செய்தார். எழுந்து நின்று வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இவ்வளவு சுத்தமான வேலையை இந்த ஊரில் எதிர்பார்க்கவில்லை என்றார். அன்று நான் சூலியா தெரு வழியாக வீட்டுக்கு நடந்தபோது கால் தரையில் படவில்லை.

பத்து நாள் கழித்து மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கினேன். வாசலில் ஒரு லாரி நின்றது. அதில் பிரம்புக் கூடுகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கூட்டிலும் இரண்டு மூன்று சருகுமான்கள். சில கால்கள் பிரம்பு இடைவெளியில் மாட்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பட்டாளத்துச் சமையல் கூடத்துக்கு இறைச்சி வேண்டுமாம். எங்கே கண்ணி வைப்பது என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கையில் வரைபடம் இருந்தது. இத்தனை காலம் அதைப் பற்றி எழுதியவன், உயிரோடு ஒரு சருகுமானை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தப் பிராணி வாயே திறக்கவில்லை, என் கையால் கெட்டது. அன்று நான் சாப்பிடவில்லை.

அதிகாரியிடம் கேட்டேன். மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவிட்டுக் கோப்பைப் புரட்டினார். அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் வெட்கத்தால் ஒரு கூடும் திறக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காவலர் வந்து நின்றார். என்ன கண்டீர்கள் என்றேன்.

"ஒண்ணும் இல்ல."

"அண்ணே..."

"நான் உங்ககிட்டதான் சொன்னேன்" என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு வாரா வாரம் ஒரே பதில், ஒன்றும் இல்லை.

எல்லாம் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அருவிக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கு. அங்கே சருகுமான் கண்டதாகச் சண்டைக்கு முந்தின மாதங்களில் அவர் சொல்லியிருந்தார். புத்தகத்தில் எழுதியிருந்தேன், வரைபடத்தில் புள்ளி வைப்பதற்குள் குண்டு விழுந்துவிட்டது. அந்தப் புத்தகம் என் இழுப்பறையில் இருந்தது. அதிகாரி அதைக் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. அந்த அளவுக்குப் புத்தி வந்திருந்தது.

சில மாதம் கழித்து அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கண்ணி வைக்கிற மலாய்க்காரர் ஒருவர், சருகில் தட்டி மான் அழைப்பவர், அந்தப் பள்ளத்தாக்கில் சருகுமான் புழுக்கை கிடப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் காவலர் வாரா வாரம் ஒன்றும் இல்லை என்கிறார். யார் பொய் சொல்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அடுத்த வாரம் எல்லாரும் நேரில் போய்த் தட்டிப் பார்ப்போம் என்றார். ஒரு மான் வந்தாலும் காவலரை ராணுவப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அங்கே போய்த் திரும்பியவர்களை ஊரில் பார்த்திருந்தோம். இல்லாவிட்டால் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு லாரி ஏற்றுவார்கள்; அங்கே போனவர்களைப் பார்க்கவே இல்லை. காவலருக்கு மனைவியும் இரண்டு சின்னப் பெண்களும் இருந்தார்கள்.

அதிகாரி கூடவே இன்னொன்றும் சொன்னார். எந்த நேரத்தில் போனால் மான் தட்டுக்கு வரும் என்று பழைய பதிவுகளிலிருந்து எடுத்துக் கொடு, நேரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றி எழுது என்றார். அப்போது எங்கள் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். சூரியன் பழைய நேரத்துக்கே உதித்தது, நாங்கள்தான் டோக்கியோவுக்கு எழுந்தோம்.

அன்று மாலை நான் உட்கார்ந்து ஒரு புதுப் பிரதி எழுதினேன். புத்தகத்தில் காலை ஏழு மணி என்றிருந்தால் எட்டரை என்று வர வேண்டும். பகல் ஒன்றரை என்று எழுதினேன். ஏழரை இரண்டானது. பள்ளத்தாக்கைப் பற்றிய வரிகளை விட்டுவிட்டேன். என் வாழ்க்கையிலேயே அழகான கையெழுத்து அதுதான். மூலப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் போட்டேன், கேட்டால் கரையான் அரித்துவிட்டது என்று சொல்ல. காவலருக்கு எதையும் சொல்லவில்லை. தெரிந்தால் அவருக்கு ஆபத்து என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் தப்பை நானே சரிசெய்துவிட்டேன் என்று பிறகு அவர் முன்னால் போய் நிற்க ஆசைப்பட்டேன்.

குறித்த நாளில் ஏறினோம். அதிகாரி, தட்டுகிறவர், காவலர், நான். விடியற்காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பள்ளத்தாக்கின் கீழ்முனையில் ஊருக்குத் தண்ணீர் எடுக்கிற கல்தொட்டி ஒன்று இருந்தது. அதைத் தாண்டி மேலே போனோம். போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு நெஞ்சை முட்டியது. டோக்கியோ நேரம் ஒன்றரை, சூரியன் உச்சியில்.

தட்டுகிறவர் சருகை அள்ளிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "பாகி, துவான். பாகி" என்றார். பாகி என்றால் காலை, துவான் என்றால் ஐயா. விடிகாலையில் வந்திருக்க வேண்டும், இந்த நேரத்தில் அது வராது, ஈரச் சருகு சத்தமும் கொடுக்காது என்று மலாயில் விளக்கினார். நாற்பது வருஷம் அந்த வேலை செய்தவர். அதிகாரி பையிலிருந்து என் பிரதியை எடுத்து, ஒன்றரை என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். புத்தகம் இப்படித்தான் சொல்கிறது என்றார். தட்டுகிறவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மண்டியிட்டுத் தட்டத் தொடங்கினார். அவர் சொன்னபடியே சத்தம் எழவில்லை, ஈரத் துணியில் அடிப்பதுபோல இருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். எனக்கு நாலு முழம் தள்ளி, ஒரு முள்பனைப் புதருக்குப் பின்னால் அது நின்றுகொண்டிருந்தது. தட்டுக்கு வந்ததல்ல, நாங்கள் வரும் முன்பே அங்கே நின்றிருக்கிறது. கழுத்தில் வெள்ளைக் கோடு, விரிந்த கண், ஒரு முன்னங்கால் பாதி தூக்கியபடி. மழைநீர் சொட்டி அதன் காது மட்டும் ஒருமுறை அசைந்தது. ஏறிவந்த களைப்பில் எனக்குத் தொண்டையில் இருமல் முட்டியது. இருமினால் அது பாயும். பாய்ந்தால் அதிகாரியின் எதிரில்தான் பாய வேண்டும், வேறு வழி இல்லை. ஓர் அட்டை என் கழுத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடவும் முடியாது. காவலரைப் பார்த்தேன். அவரும் கண்டுவிட்டார் என்று தெரிந்தது, ஏனென்றால் அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அதிகாரியின் சப்பாத்துக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிராணி என்ன செய்ததோ அதையே நானும் செய்தேன். இருமலை விழுங்கிக்கொண்டு அசையாமல் நின்றேன். நெருக்கடி நேரத்தில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை துடிக்கும். சும்மா நிற்பதும் ஒரு செயல்தான், அதிலும் கடினமான செயல். இவ்வளவும் சரியாகத்தான் நடந்தது. அதிகாரி நெடுநேரம் காத்திருந்துவிட்டுக் குறிப்பேட்டை மூடினார். இங்கே ஒன்றும் இல்லை என்றார். காவலர் பிழைத்தார். இறங்கி வரும்போது பினாங்கிலேயே சந்தோஷமான மனிதன் நான்தான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது மூன்று நாள்தான் நின்றது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, எல்லாரும் நம்பினார்கள், அதுதான் வினையாகிவிட்டது. நாலாம் நாள் அதிகாரி எனக்கு ஓர் உத்தரவைத் தட்டெழுதக் கொடுத்தார். அந்தப் பள்ளத்தாக்கில் வெட்டத் தகுந்த பெரிய மரம் இல்லை, மிருகமும் இல்லை என்று ஆய்வில் உறுதியாகியிருக்கிறது. ஊரில் உணவு இல்லை. ஆகவே இரண்டு சரிவுகளையும் வெட்டி மரவள்ளி போடலாம். ஆதாரமாக என் பிரதியை இணைக்கச் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நானே தட்டெழுதி, நானே குண்டூசி குத்தினேன்.

கிழக்குச் சரிவில் வெட்டு தொடங்கியது. வெட்ட வந்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். கப்பல் வராததால் துறைமுகத்தில் வேலை போனவர்கள், அவர்கள் பெண்டு பிள்ளைகள். அரிசிச் சீட்டும் அவர்களுக்கு இல்லை. பின்னால் அந்தக் கிழங்கை நானும் தின்றிருக்கிறேன்.

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மேலே ஏறினேன். காவலர் மேற்குச் சரிவின் ஓரத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்து எதிரே மரங்கள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரதி எழுதியது, நேரத்தை மாற்றியது, புத்தகத்தை எரித்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்களைக் காப்பாத்தத்தான் செஞ்சேன், அண்ணே."

"தெரியும். அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன்." என் பக்கம் திரும்பினார். "என்னைக் காப்பாத்த என்கிட்டயே ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியா, கிராணியாரே? மொதல் தடவையும் கேக்கல. வேணாம்னு சொன்னதையும் கேக்கல. ரெண்டாந் தடவையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

கீழே கல்தொட்டியைக் கையால் காட்டினார். "பெலாண்டுக்கைப் பத்திப் பேச்சே எடுக்க வேணாம்லா. இருக்குன்னும் வேணாம், இல்லன்னும் வேணாம். அந்தத் தொட்டித் தண்ணியத்தான் ஊரு குடிக்குது, துவானும் குடிக்கிறாரு. மேல மரம் நின்னாத்தான் கீழ தண்ணி தெளியும். ஆளு நடமாட்டமே ஆகாதுன்னு அதைச் சொல்லியிருந்தா, வெட்டவும் விடமாட்டாரு, கண்ணி வைக்கவும் விடமாட்டாரு. அதும்பாட்டுக்கு உள்ள கெடந்திருக்கும்."

"அப்ப ஏன்ணே நீங்க சொல்லல?"

"காவக்காரன் சொன்னா யாரு கேப்பா? எழுதுறது நீங்கதானே."

அவரை எழுப்பி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காவலர் யாரும் அதுவரை அதிகாரியின் அறைக்குள் போனதில்லை. இவருக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது என்றேன். அவர் சொன்னார், நான் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன், கூட்டவில்லை, அழகுபடுத்தவில்லை. அதிகாரி கேட்டுவிட்டு, இது ஏன் உன் பதிவுகளில் எங்கும் இல்லை என்று என்னிடம் கேட்டார். நான் அவரைக் கேட்டதில்லை என்றேன். அந்த அதிகாரியிடம் நான் சொன்ன ஒரே முழு உண்மை அது.

அவர் உடனே எதையும் செய்யவில்லை. அந்த வாரமே பெரிய மழை வந்தது. கிழக்குச் சரிவின் மண் கரைந்து தொட்டியில் இறங்கியது. ஊரில் குழாயைத் திறந்தால் தேத்தண்ணி நிறத்தில் கொட்டியது. அதிகாரி ஒரு கண்ணாடிக் குவளையில் அதைப் பிடித்து மேசைமேல் வைத்து, அடியில் சேறு படிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேற்குச் சரிவில் யாரும் கால் வைக்கக் கூடாது, வெட்டுகிறவரும் கண்ணி வைக்கிறவரும் உட்பட, என்று எழுதச் சொன்னார். கிழக்குச் சரிவு போனது போனதுதான். நாலு முழத்தில் நான் பார்த்த அந்தச் சருகுமான் நின்றது கிழக்குச் சரிவில்.

சண்டை முடிந்து பழைய ஆட்சி திரும்பியதும், அந்தப் பிரதி பொய் என்று நானே எழுதிக் கொடுத்தேன். எச்சரித்து விட்டுவிட்டார்கள். எரித்த புத்தகத்தை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. எழுதினால் கண்ணி வருகிறது, எழுதாவிட்டால் கோடாலி வருகிறது. அப்படியானால் எழுதலாமா கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் அது மாறும். ஆனால் அந்த இடத்தில் தினம் நடக்கிற ஒருவர் இருப்பார். பேனாவைத் திறப்பதற்கு முன் அவரிடம் போய்க் கேளுங்கள். மரியாதைக்காகச் சொல்லவில்லை. அவருக்கு உங்களைவிட நல்ல வழி தெரிந்திருக்கும், கேட்க ஆளில்லாமல் வைத்திருப்பார்.

காவலர் மறுபடியும் சனிக்கிழமைகளில் பேசத் தொடங்கினார். குரங்கு, முள்ளம்பன்றி, மலைப்பாம்பு எல்லாம் சொல்வார். முன்போலச் சிரிக்கவும் சிரிப்பார். ஓய்வு பெறும்வரை சருகுமானைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேற்குச் சரிவில் அது இருக்கிறதா என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். கேட்கிற தகுதியை நான் இழந்துவிட்டேன் என்று அடக்கிக்கொள்வேன். இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த இரண்டாவதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.